மார்த்தாண்டம் பக்கம் பழைய வீடு வாங்குவதென்றால்: முதலில் பத்திரம், அப்புறம் கூரை

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை, அருமனை, குலசேகரம் என்று கேரள எல்லையை ஒட்டின இந்தக் கன்னியாகுமரி மாவட்டப் பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால் புரோக்கர் முதலில் சொல்வது சென்ட் கணக்கு. அடுத்து ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது, அப்புறம் கிணற்றில் தண்ணீர் வற்றவே வற்றாது என்பது. வாங்குகிறவர் கேட்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான், கூடவே கொஞ்சம் வாஸ்து. ஆனால் வீட்டை வாங்கின பிறகு கையிலிருந்து பணம் கரைகிற வழி இங்கே ரெண்டே ரெண்டு: பத்திரம், மழை. ரெண்டும் எல்லையோரம் என்பதாலேயே நமக்கு வாய்த்தவை. சென்னையிலோ மதுரையிலோ வீடு வாங்கிப் பழகினவர்கள் அங்கே எதை எதைப் பார்த்தார்களோ அதையே இங்கேயும் பார்த்தால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும்.

காரணம் பழையது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டை தாலுகாவையும் அதே நாளில் வெட்டி, ஒரு துண்டை திருநெல்வேலிக்குக் கொடுத்தார்கள். மாநிலம் மாறியது, வீடும் மண்ணும் மழையும் இருந்த இடத்திலேயே இருந்தன. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள், நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறை. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் கதையும் சின்ன அளவில் இதுதான், ஒரு ராஜ்யத்தின் சட்டத்தில் பாகம் பிரித்து அந்த நாட்டு ஆசாரி கணக்கில் கட்டின வீட்டை இன்னொரு மாநிலத்தின் பதிவாளர் அலுவலகத்தில் விற்கிறோம்.

பத்திரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கூரையில் கோளாறு என்றால் பணத்தைப் போட்டுச் சரி செய்துவிடலாம், பத்திரக் கோளாறு பல சமயம் பணம் போட்டாலும் சரியாகாது.

1956-க்கு முந்தைய ஆதாரங்கள், அதாவது பத்திரங்கள், பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், அதுவும் வேகமாக எழுதின கையெழுத்தில். மலையாளம் படிக்கத் தெரிந்த சின்னப் பையனிடம் கொடுத்தால் முழிப்பான், 1971-க்கு முந்தைய பழைய எழுத்து வடிவங்கள் அவனுக்குப் பழக்கமே இல்லை. வயதான பத்திர எழுத்தர் ஒருவரைத் தேடிப் பிடித்து, வரிக்கு வரி வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அந்த ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. சிங்கத்திலிருந்து தனு என்கிற மார்கழிப் பாதி வரைக்கும் 824 கூட்டினால் ஆங்கில வருடம் கிடைக்கும், அதற்கப்புறம் கர்க்கடகம் என்கிற ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ‘1105 மகரம் 10’ என்று இருந்தால் அது 1930 ஜனவரி. ‘1105 கன்னி’, அதாவது புரட்டாசி, என்று இருந்தால் 1929.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சித்திரையை முதல் மாதமாகப் பழகின கண்ணுக்கு 1105 மேடம், அதாவது சித்திரை, என்பது 1105 கன்னிக்கு முந்தையதாகத் தோன்றும். உண்மையில் கன்னிதான் ஏழு மாதம் முந்தையது. ஒரே ஆண்டில் ஒரு ஒற்றிப் பத்திரமும் (அடமானம்) ஒரு விலையாதாரமும் (விற்பனைப் பத்திரம்) எழுதப்பட்டிருந்தால், ஒற்றி முதலில் வந்ததா விலை முதலில் வந்ததா என்பதில் வீட்டின் தலையெழுத்தே இருக்கிறது. ஒற்றி இருந்து அதை மீட்ட காகிதம் இல்லை என்றால் அப்போதே நிறுத்தி விசாரியுங்கள்.

முப்பது வருட வில்லங்கச் சான்று போதும் என்பார்கள். வங்கிக்கு அது போதும்தான். தமிழ்நாட்டில் 1975-க்குப் பிந்தைய பதிவுகளுக்கு வில்லங்கம் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கிறது, அதனால் நிறையப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இங்கே பழைய தறவாட்டு வீடுகள், அதாவது கூட்டுக் குடும்ப வீடுகள், பெண் வழியில் இறங்குகிற மருமக்கள்வழிச் சொத்தாக இருந்தவை. நாயர் குடும்பங்களுக்கும் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களுக்கும் 1925, 1926 ஆண்டுகளில் திருவிதாங்கூர் தனித்தனிச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் பாகம் பிரிப்பது வேகம் பிடித்தது. பாகப் பத்திரத்தில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கு ரெண்டு தென்னை, கிணற்றில் எல்லோருக்கும் உரிமை, அடுக்களைப் பக்கம் நடக்க ஒரு வழி என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கிணற்று உரிமை இன்றைக்கும் யாரோ ஒரு பேத்தியின் பெயரில் உயிரோடு இருக்கலாம்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம், அங்கே பார்க்க வேண்டியது வேறு. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் இல்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே முடிந்துபோயிற்று, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டது. வழக்கு கேரளத்தினுடையது, ஆனால் சட்டம் பழைய திருவிதாங்கூருடையது என்பதால் அதன் நிழல் இங்கேயும் விழுகிறது. எனவே ‘அக்காவுக்குத்தான் அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, அவ கையெழுத்து எதுக்கு?’ என்று விற்பவர் கேட்டால், அந்தக் கையெழுத்துதான் முக்கியம் என்று புரிந்துகொள்ளுங்கள். அக்கா கல்ஃபில் இருந்தால் பவர் வரட்டும், காத்திருக்கலாம்.

சர்வே எண் தொல்லை தனி. பழைய பத்திரத்தில் திருவிதாங்கூர் காலத்துச் சர்வே எண் இருக்கும், பட்டாவில் மறு சர்வே எண் இருக்கும், ரெண்டையும் பொருத்திக் காட்டும் வரி நடுவில் ஏதாவது ஒரு பத்திரத்தில் இருந்தாக வேண்டும். அளவும் அப்படியே. பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர், ஆரில் பேசும். ஒரு ஆர் என்பது 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எட்டேகால் சென்ட் என்று பத்திரம் சொல்லும்போது பட்டாவில் மூன்று ஆர் என்று இருந்தால், முக்கால் சென்ட்டுக்கு மேல் எங்கேயோ போயிருக்கிறது. பக்கத்து விளையின், அதாவது தோட்ட மண்ணின், எல்லைச் சுவரான கையாலையை யாராவது ஒரு முழம் தள்ளிக் கட்டியிருப்பார்கள், வேறென்ன.

சொல்லத் தோன்றுகிற இன்னொன்று வழி. கிழக்கே நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் போனால் தெரு இருக்கும், தெருவின் ரெண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். இங்கே அப்படிக் கிடையாது, வீடு அதனதன் விளைக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், அங்கே போக மூன்றடி இடவழி, அதிலும் பாதி தூரம் அடுத்தவர் மண். மனிதர்கள் தலைச்சுமையாக எல்லாம் கொண்டுபோன காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கு ஒரு லோடு எம் சாண்டை ரோட்டில் தட்டிவிட்டு உள்ளே சுமந்து சேர்க்கக் கூலி கொடுத்துப் பாருங்கள், வீடு ஏன் மலிவாக வந்தது என்று புரியும். இருபது வருடம் தடையில்லாமல் நடந்திருந்தால் வழியுரிமை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நடந்த வழியில் டெம்போ போக அந்த உரிமை தானாக வந்துவிடாது. ‘வழி இருக்கு, வண்டி வரும்’ என்று வாயால் சொன்னால் போதாது, அகலம் எத்தனை அடி என்று பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வீடு பார்க்கிற நம் ஆட்களும் குறைவில்லை. அங்கே காகிதம் வேறு. பட்டாவைத் தேடாதீர்கள், வில்லேஜ் ஆபீஸில் கரம் (நில வரி) கட்டின ரசீது, போக்குவரவு என்கிற பெயர் மாற்றம் முடிந்து வருவாய்ப் பதிவேட்டின் தண்டப்பேர் எண் விற்பவர் பெயரில் இருக்கிறதா என்பது, முன்னாதாரம் என்கிற முந்தைய பத்திரம், இதெல்லாம்தான் அங்கே பேச்சு. அதைவிட முக்கியம், வருவாய்ப் பதிவில் அந்த மண் ‘புரையிடம்’ (மேட்டு மண்) என்று இருக்கிறதா ‘நிலம்’ என்று இருக்கிறதா என்பது. நிலம் என்றால் நெல் விளைந்த வயல் என்று கணக்கு, 2008-ஆம் வருடத்து நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது தென்னையும் மாவும் நிற்கிற உலர்ந்த மண்ணாக இருக்கலாம், மேலே பழைய வீடே நிற்கலாம், ஆனாலும் இடித்துக் கட்டவோ பெரிதாகச் சேர்த்துக் கட்டவோ அனுமதி கேட்கும்போது அந்த ஒரு வார்த்தையில் கோப்பு நின்றுவிடும். தரம் மாற்ற வழி இருக்கிறது, பொறுமையும் கட்டணமும் வேண்டும். அதை விற்பவர் தலையில் வைத்து, மாற்றின பிறகு விலை பேசுவதே நல்லது.

பதிவுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கேரளத்தில் 8-ம் 2-ம். நாற்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு இங்கே 3 லட்சத்து 60 ஆயிரம், அங்கே 4 லட்சம். ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ போனால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குகிறவர் வேலை, ரெண்டு மாநிலத்திலும். அவ்வளவுதான், மேலே ஏறலாம்.

கூரை.

இந்தப் பக்கத்துப் பழைய வீட்டில் பாதி அறிவு கூரையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை இங்கே இடவப்பாதி என்போம், வைகாசி நடுவில் தொடங்கி ஆடி வரை அடிக்கும், கொஞ்சம் ஓய்ந்ததுபோல இருந்து ஐப்பசியில் துலாமழை இடியோடு வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று அதிகம், மழை குறைவு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வளர்கிற அளவுக்கு மழை. ஒரே மாவட்டத்துக்குள் நாகர்கோவிலுக்குக் கிழக்கே சரியாக இருக்கிற கூரை மேற்கே சரிப்படாது. செங்குத்தான சரிவும், சுவரை விட்டு நன்றாக வெளியே தள்ளி இறங்கின இறவாரமும், தரையிலிருந்து உயர்த்திக் கட்டின திண்ணையும் அழகுக்கு வைத்தவை அல்ல, சாய்ந்து அடிக்கிற மழை சுவரைத் தொடாமல் இருக்க வைத்தவை.

ஓடு பெரும்பாலும் மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு மங்களூரில் தொடங்கின ஓட்டுத் தொழிற்சாலையின் வழியில் வந்த வகை, பிறகு கோழிக்கோடு பக்கத்து ஃபரோக், திருச்சூர், கொல்லம் என்று எல்லா இடத்திலும் சூளை வந்தது. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், முப்பது டிகிரி சரிவு இருந்தால் ஆணி இல்லாமலே உட்கார்ந்திருக்கும். நல்ல ஓடு நூறு வருடம் கிடக்கும். ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் ஓட்டின் மேல் குற்றம் இல்லை, கீழே மரம் தாழ்ந்திருக்கும், அல்லது சரிவு குறைந்திருக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது உச்சி வெயிலில் போங்கள். மச்சுக்கு மேல் ஏற ஏணி கேளுங்கள், ஏணி இல்லை என்று சொன்னால் பக்கத்து வீட்டில் வாங்குங்கள். மேலே ஏறி டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்குங்கள். ஓட்டுக்கு நடுவே அங்கங்கே வெளிச்சக் கீற்று தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பக்கவாட்டு இடைவெளியில் வெளிச்சம் வரும், தண்ணீர் வராது. பார்க்க வேண்டியது ஓட்டைத் தாங்குகிற சரிவு மரமான பனங்கையின் மேல் நீளமாக ஓடுகிற கறுப்புக் கறை. அது எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் ஒழுக்கின் வாய் அகப்படும், பெரும்பாலும் முகட்டு ஓட்டின் காரை வெடிப்பிலோ, ரெண்டு கூரை சந்திக்கிற இடத்தில் தண்ணீர் ஓடப் போட்ட தகரப் பாத்தியிலோ இருக்கும். அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, உத்தரம் சுவருக்குள் போய் உட்காருகிற முனையில் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கிற அயனி உத்தரம், சுவர் ஈரத்தைக் குடிக்கிற அந்த ஒரு சாணில் மட்டும் ரஸ்க் மாதிரி உதிரும். கம்பி முனை அரை விரற்கடைக்கு மேல் சுலபமாக இறங்கினால் விலையைக் குறைத்துப் பேசலாம். சுவரோரம் மண் குழாய் மாதிரி சிதல் (கரையான்) ஏறின தடம் இருந்தால் இன்னும் குறைக்கலாம்.

எங்கள் பக்கம் வேலை செய்கிற ஒரு மூத்த ஆசாரி ஓட்டு வீடு பார்க்க வருகிறவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: ‘மக்களே, ஓட்டைக் குத்தம் சொல்லாத, சாய்ப்பைப் பாரு.’ அவர் சொல்வது, மூல வீட்டைக் கட்டி முப்பது நாற்பது வருடம் கழித்து, அடுக்களைக்கு என்றோ மாட்டுத் தொழுத்துக்கு என்றோ பின்னால் இழுத்துவிட்ட சாய்ப்பு. மேல் கூரையின் சரிவிலேயே அதையும் இழுத்தால் ஆள் தலை இடிக்கும், அதனால் சரிவைக் குறைத்திருப்பார்கள். மேலே நல்ல வேகத்தில் வருகிற தண்ணீர் அந்த மடிப்பில் வந்து வேகம் குறைந்து, ஓட்டின் அடியில் பின்வாங்கி ஏறும். பழைய வீட்டில் முதலில் இற்றுப்போகிற மரம் அநேகமாக அந்த மடிப்புக்குக் கீழே இருப்பதுதான். ஓட்டை எத்தனை தடவை மாற்றினாலும் அது நிற்காது, சாய்ப்பைப் பிரித்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும், அல்லது அந்த அளவுக்கு மட்டும் ஷீட் போட வேண்டும். அழகு கெடும், இருந்துவிட்டுப் போகட்டும்.

‘ஓட்டைக் கழற்றிவிட்டு மேலே கான்கிரீட் போட்டால் தொல்லை தீர்ந்தது’ என்று சொல்லும் ஆள் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். அவருக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரைக்குப் பதினாறு ஓடு வேண்டும், ஓடு ரெண்டரை கிலோ, ஆக ஏறக்குறைய நாற்பது கிலோ, மரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். நாலு அங்குலக் கான்கிரீட் அதே ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோ. மண் சாந்தில் கட்டின சுவர், கருங்கல்லை அடுக்கி வானக் குழி நிரப்பின அஸ்திவாரம், இவற்றின் தலையில் ஐந்து ஆறு மடங்கு பாரத்தை ஏற்றுகிறீர்கள். தூண் எழுப்பித் தனியாகத் தாங்கக் கொடுத்தால் செய்யலாம், அதற்கு ஆகிற செலவில் பின்னால் இருக்கிற இடத்தில் புதிதாகவே ரெண்டு அறை கட்டிவிடலாம். அப்படிப் புதிதாகக் கட்டுபவர்கள் கழற்றின பழைய ஓட்டை வீணாக்க வேண்டாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வீடு வீடாகச் செய்து காட்டினாரே, கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் ஓடுகளை வைத்து மேலே வார்க்கிற முறை, அதைத் தெரிந்த கொத்தனார்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கான்கிரீட் குறையும், பாரமும் குறையும்.

கான்கிரீட் வீட்டை வாங்குகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. இந்த ஊர்களில் எங்கே திரும்பினாலும் மொட்டை மாடிக்கு மேல் நீலமோ சிவப்போ ஒரு ஷீட் கூரை நிற்பதைப் பார்க்கலாம், ட்ரஸ் என்பார்கள், கேரளம் முழுக்க அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து, நன்றாகக் கட்டின வீட்டுக்கு மேல் எதற்கு இந்தத் தகரக் கொட்டகை என்று சிரிப்பார்கள். காரணம் இருக்கிறது. மதுரையில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். அங்கே மழை பெய்தால் அடுத்து மாதக்கணக்கில் வெயில், தளம் குடித்த தண்ணீரை விட்டுவிடும். இங்கே தளத்தை வார்த்து அப்படியே வெறுமனே விட்டுவிடும் பழக்கம்தான் அதிகம். இடவப்பாதி நனைத்ததைக் காயவிடாமல் துலாமழை வந்துவிடும். பாசி பிடிக்கும், பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேருகிற மூலையில் மயிரிழை வெடிப்பு விழும், உள்ளே கம்பி துருவேறிப் பருக்கும், பருத்தால் அடிப்பக்கம் பூச்சு பொரிந்து விழும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும்.

ட்ரஸ் போட்டால் மழை தளத்தைத் தொடாது, வெயிலும் நேராக விழாது, கீழ் அறை சூடு குறையும், துணி காயும், ரப்பர் ஷீட் காயும், கல்யாண வீட்டுக்குப் பந்தலே வேண்டாம். நல்ல ஏற்பாடுதான், எனக்கு இதில் சந்தேகமில்லை. ஆனால் ட்ரஸ் போட்ட வீட்டை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒழுகின தளத்தைச் சரிசெய்யாமல் மேலே மூடி மறைத்திருக்கலாம். கீழ் அறைகளின் கூரையில், அதுவும் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் மூலைகளிலும் புதிதாகப் பட்டி பூசியிருக்கிறதா என்று பாருங்கள், விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். அடுத்தது காற்று. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகும், தூண்களை வெறும் கைப்பிடிச்சுவரின் மேல் நாலு போல்ட்டில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு பக்கமும் திறந்த ஷீட் கூரையைக் காற்று கீழிருந்து மேலே தூக்கும், அதனால் தூண் தளத்துக்குள்ளேயோ உத்தரத்துக்குள்ளேயோ பிடித்திருக்க வேண்டும். ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெயிலில் சில வருடத்தில் வெடிக்கும், ஒழுகத் தொடங்கும் முன்பே மாற்றினால் சில்லறைச் செலவோடு போகும். அந்த ஷீட்டுக் கூரைக்குச் சுவர் எழுப்பி அறையாக்கும் யோசனை வந்தால் உள்ளாட்சியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அதன் பிறகு அது நிழற்கூரை இல்லை, மாடி. வரியும் அனுமதியும் வரும்.

சுவரில் ஏறுகிற ஈரம், அதாவது ஓதம்தான் இந்தப் பக்கத்தில் அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுகிற நோய். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது, மண் ஈரம் மெல்ல மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியே ஆவியாகும், அடியில் ஒரு முழத்துக்குக் கறை தெரியும், அவ்வளவுதான். வாங்கின புதிதில் அந்தக் கறை பிடிக்காமல் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பட்டி போட்டு, கழுவக்கூடிய பெயிண்ட் அடிப்பார்கள். வெளியே போக வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, ஒரு முழத்தில் நின்றது இடுப்பளவுக்கு வரும், பெயிண்ட் கொப்புளிக்கும், வெள்ளையாக உப்புப் பூக்கும். கடைக்காரர் இன்னும் விலை கூடின பெயிண்டைக் காட்டுவார். செய்ய வேண்டியது வெளியே இருக்கிறது: சுவரோரம் சேர்ந்துபோன மண்ணை வெட்டித் திண்ணை மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள், இறவாரத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஓடை வெட்டி சரிவில் விடுங்கள், உள்ளே சுண்ணாம்புப் பூச்சையே திரும்பப் பூசுங்கள். முற்றத்துக்கு சிமெண்ட் கல் பதித்தால் சுவரை ஒட்டி ஒரு அடி விட்டுப் பதியுங்கள், சரிவு வீட்டை நோக்கி இருக்கவே கூடாது. முற்றத்தை அழகாக்கப் போய் வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்ட வீடுகள் இந்த ஊர்களில் ஏராளம்.

வருடாந்தர வேலைக்கு சித்திரை மாதம். வைகாசி பாதியில் மழை வந்துவிடும், அதற்கு முன்னால் ஆள் கிடைப்பதே கஷ்டம், எல்லோரும் ஒரே வாரத்தில்தான் விழித்துக்கொள்வார்கள். பாத்தியில் இலை வாருவது, முகட்டுக் காரையில் வெடிப்பை அடைப்பது, கூரைக்கு மேல் சாய்ந்த பலாக்கொம்பையும் தென்னை மட்டையையும் இறக்குவது, சுவரோரம் சிதல் தடம் பார்ப்பது, மாடித் தளத்தின் தண்ணீர்க் குழாய் வாயைத் திறந்து விடுவது, எல்லாம் சேர்த்து ஒரு ஆசாரிக்கும் ஒரு கையாளுக்கும் ரெண்டு நாள் வேலை. ஐப்பசிக்கு முன்னால் பாத்தியை மட்டும் இன்னொரு தடவை பார்த்தால் போதும். ஓட்டின் மேல் ஏறுகிறவர் பனங்கை இருக்கிற வரிசை பார்த்துக் கால் வைப்பவராக இருக்க வேண்டும், பழக்கமில்லாத ஆளை ஏற்றினால் ரெண்டு ஒழுக்கை அடைத்துவிட்டு நாலு ஓட்டை உடைத்துவிட்டு இறங்குவார்.

உடைந்ததற்கு மாற்று ஓடு வாங்குவதில் ஒரு சிக்கல். எல்லா மங்களூர் ஓடும் ஒரே அளவு இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி விளிம்பும் பள்ளமும் நூலிழை மாறும், அந்த நூலிழையில் தண்ணீர் இறங்கும். கடையில் புது ஓட்டை வாங்கி நடுவில் செருகினால் சுற்றியிருக்கிற ஐந்தாறு ஓடும் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பழைய வீடு இடிக்கிற இடங்களிலும் பழைய மரம், ஓடு விற்கிற யார்டுகளிலும் அதே பெயரைத் தேடுங்கள். கிடைத்தால் நூறு நூற்றைம்பதாகச் சேர்த்து வாங்கி, தொழுத்துச் சுவரோரம் செங்குத்தாக அடுக்கி வையுங்கள், படுக்க வைத்தால் அடியில் இருப்பவை வெடிக்கும். வீட்டை விற்பவரிடம் விலை பேசும்போதே பின்னால் கிடக்கிற பழைய ஓட்டுக் குவியலையும் சேர்த்துக் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்.